தவழும் மாதங்கள்

ஏழு மாதக் குழந்தை ஒன்று பாயில் குப்புறக் கிடக்கிறது. கைக்கு எட்டாமல் ஒரு முழம் தள்ளி ஓர் எவர்சில்வர் டம்ளர். கண்ணில் பட்டதும் வாய் திறந்து எச்சில் ஒழுகுகிறது. இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி நெஞ்சைத் தூக்குகிறது. கால்கள் உதைக்கின்றன, முட்டி பாயில் வழுக்குகிறது. கைகள் இன்னும் பலமாக அழுத்த, உடம்பு நகரத்தான் செய்கிறது, ஆனால் பின்பக்கமாக. டம்ளர் இப்போது ஒன்றரை முழத்தில் இருக்கிறது. இன்னொரு முயற்சி, இன்னும் கொஞ்சம் பின்னால். கடைசியில் பாதம் சுவரில் முட்டி நிற்க, வீடு அதிர ஒரு வீறல். ‘ரிவர்ஸ்லயே போறான்’ என்று சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பின்னால் போவதற்குக் காரணம் எளிது. பிறந்த குழந்தைக்கு உடம்பு தலையிலிருந்து கீழ்நோக்கித்தான் வசப்படுகிறது. முதலில் கழுத்து நிற்கும், பிறகு தோளும் கையும், அதற்குப் பிறகே இடுப்பும் தொடையும். குப்புற விழத் தொடங்கியதிலிருந்து கைகள் தினமும் நெஞ்சைத் தாங்கிப் பழகிவிட்டன. கால்களோ இதுவரை மல்லாந்து கிடந்தபடி காற்றை உதைத்ததோடு சரி. தரையை அழுத்தித் தள்ளிய அனுபவம் அவற்றுக்கு இல்லை. ஊன்றிய கை நேராக நீண்டு தரையை அழுத்தும்போது, எதிர்த்துத் தள்ளக் கால் இல்லையென்றால் உடம்பு பின்னால்தான் போகும். ஆசை முன்னால் இழுக்கிறது, இயற்பியல் பின்னால் தள்ளுகிறது. அடுத்த சில வாரங்களில் இந்தக் கணக்கைக் குழந்தை தானே போட்டு முடித்தாக வேண்டும்.

தானே போடுகிறதா, அல்லது விடை ஏற்கெனவே உள்ளே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் இருபதாம் நூற்றாண்டு முழுக்க நடந்த வாக்குவாதம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் என்ற மருத்துவர், விளக்குகளும் கேமராக்களும் பொருத்திய கூண்டு போன்ற ஓர் அறையைக் கட்டி, அதனுள் குழந்தைகளை விட்டுப் படம் பிடித்தார். 1920களிலும் 30களிலும் எடுத்த அந்தப் படச்சுருள்களை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்து, குப்புறக் கிடப்பதிலிருந்து எழுந்து நடப்பது வரையிலான பாதையை இருபதுக்கும் மேற்பட்ட படிகளாக அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பிரித்தார்கள். எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய அதே வரிசையில் போவதாக அவருக்குப் பட்டது. எனவே நரம்பு மண்டலம் முதிர முதிர, மொட்டு விரிவதுபோல இந்த அசைவுகள் தாமாகவே வெளிப்படுகின்றன என்றார். பயிற்சியும் சூழலும் இரண்டாம் பட்சம். எந்த மாதத்தில் எது வரவேண்டும் என்று இன்று குழந்தை மருத்துவரின் சுவரில் தொங்கும் அட்டவணைகளுக்கெல்லாம் தாத்தா கெசல்தான்.

அட்டவணை பயனுள்ளதுதான். ஆனால் விளக்கத்தில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைக் காட்டியவர் எஸ்தர் தெலன். இவர் எடுத்துக்கொண்டது தவழ்தலை அல்ல, இன்னும் வினோதமான ஒரு விஷயத்தை. பிறந்து சில நாளே ஆன சிசுவை அக்குளில் பிடித்துப் பாதம் தரையில் படும்படி நிறுத்தினால், நடப்பதுபோலவே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். ஏறத்தாழ இரண்டாம் மாதத்தில் இது மறைந்துவிடும். மூளை முதிர்ந்து அந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. தெலன் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. அதே குழந்தை மல்லாந்து கிடந்து உதைக்கும்போது அதே அசைவு அப்படியே இருக்கிறதே, மூளை அதை மட்டும் ஏன் அடக்கவில்லை? அந்த மாதங்களில் குழந்தையின் தொடையில் கொழுப்பு மளமளவென்று ஏறுகிறது. தசையின் பலம் அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை. 1984இல் வெளியான ஆய்வில், ‘நடப்பதை நிறுத்திவிட்ட’ குழந்தைகளை அவரும் சகாக்களும் நெஞ்சளவு தண்ணீரில் இறக்கிப் பிடித்தார்கள். கால் எடை குறைந்ததும் நடை திரும்பி வந்தது. இன்னும் நடந்துகொண்டிருந்த குழந்தைகளின் காலில் சிறு எடைகளைக் கட்டியபோது நடை குறைந்தது. மூளையின் ரகசிய உத்தரவு என்று நினைத்தது கடைசியில் கொழுகொழு தொடையின் விவகாரமாக முடிந்தது!

தெலன் இதிலிருந்து எடுத்த முடிவு தவழ்தலுக்கும் பொருந்தும். அசைவு என்பது மூளை மட்டும் கட்டளையிட்டு வருவதில்லை. தசை பலம், தலையின் பாரம், கை கால் நீளம், தரையின் வழவழப்பு, எதிரே இருக்கும் பொருளின் மீதான ஆசை, எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவரும்போது அது பிறக்கிறது. இவற்றில் எது பின்தங்கினாலும் மற்றவை காத்திருக்கும்.

அப்படியென்றால் எல்லாக் குழந்தையும் ஒரே வழியில் தவழ வேண்டிய கட்டாயமில்லை. இதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும். 28 குழந்தைகளை அவர்கள் தவழும் முயற்சியின் முதல் நாட்களிலிருந்து நடக்கும் வரை தொடர்ந்து படம் பிடித்து 1998இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் வயிறு தரையில் உரச இழுத்துக்கொண்டு போய்விட்டுப் பிறகே முட்டி போட்டன. நம் வீடுகளில் இதை ‘நீந்துறான்’ என்பார்கள். மீதிப் பாதி நீந்தவே இல்லை, நேராக முட்டிதான். நீந்திய குழந்தைகளிலும் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒரு முழங்கையை மட்டும் ஊன்றி ராணுவ வீரன் பதுங்கிப் போவதுபோல ஒன்று, இரண்டு கையையும் ஒன்றாக முன்னே போட்டு நெஞ்சால் தொப்பென்று விழுந்து இன்னொன்று, ஒரு காலை மட்டும் துடுப்பாக்கி வேறொன்று. ஒரே குழந்தை ஒரே சுற்றில் மூன்று விதமாகப் போனதும் உண்டு. ஒல்லியான, சிறிய உடம்புக் குழந்தைகள் குண்டுக் குழந்தைகளைவிடச் சற்று முன்னதாகத் தவழத் தொடங்கின. நீந்திய அனுபவம் உள்ளவை, முட்டி போட்ட முதல் வாரத்திலேயே மற்றவற்றைவிட வேகமாகவும் நேர்த்தியாகவும் போயின. இத்தனைக்கும் நீந்தும் அசைவுக்கும் முட்டி போட்டுப் போகும் அசைவுக்கும் ஒற்றுமை குறைவு. அனுபவம் எந்த வடிவத்தில் வந்தாலும் தோளுக்கும் இடுப்புக்கும் அது மிச்சமாகிறது.

முட்டி போட்ட நிலைக்கு வந்த பிறகும் குழந்தை உடனே கிளம்பிவிடுவதில்லை. நான்கிலும் நின்றுகொண்டு முன்னும் பின்னும் ஆடும். நாட்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும் குழந்தைகளும் உண்டு. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்த வயதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவத்தில், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்தி முகம் அசைய ஆடும் குழந்தையைத்தான் பாடுவார்கள். ஆடுவது வெறும் விளையாட்டு இல்லை. எடையை முன்னால் சாய்த்தால் கைகளில் எவ்வளவு ஏறுகிறது, பின்னால் சாய்த்தால் முட்டியில் எவ்வளவு இறங்குகிறது, எந்த இடத்தில் ஒரு கையைத் தூக்கினால் மூக்கு தரையில் மோதாது, இவையெல்லாம் அந்த ஆட்டத்தில்தான் பிடிபடுகின்றன. ஒரு கையைத் தரையிலிருந்து எடுப்பதென்றால் மீதி மூன்றும் உடம்பைத் தாங்கியாக வேண்டும். கடைசியில் பெரும்பாலான குழந்தைகள் வந்து சேரும் உபாயம் குறுக்கு இணை: வலது கை போகும்போது இடது முட்டி, இடது கை போகும்போது வலது முட்டி. அதுதான் கவிழாமல் வேகமாகப் போக வழி. யாரும் சொல்லித் தருவதில்லை. எதிரே தவழ்ந்து காட்டுகிற ஆளும் வீட்டில் இல்லை.

சரி, இது எப்போது நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியாவிலிருந்து தெற்கு டெல்லிக் குழந்தைகள் இதில் இருந்தார்கள். வயிறு தரையில் படாமல், முட்டியும் கையும் ஊன்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது மூன்று அசைவுகள் நகர்ந்தால்தான் தவழ்ந்ததாகக் கணக்கு. விடை: 5.2 மாதம் முதல் 13.5 மாதம் வரை. சராசரி எட்டரை மாதத்தை ஒட்டி. ஆக, ஆரோக்கியமான இரண்டு குழந்தைகளுக்கு நடுவே எட்டு மாத இடைவெளி இருந்தாலும் இரண்டும் சரியே. எதிர்வீட்டுக் குழந்தை ஆறு மாதத்தில் தவழ்ந்ததை எண்ணி உறக்கம் கெடுபவர்கள் இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிடிமானமில்லாமல் உட்காருவது, பிடித்துக்கொண்டு நிற்பது, பிடித்துக்கொண்டு நடப்பது, தனியாக நிற்பது, தனியாக நடப்பது என்ற ஐந்தும் பெரும்பாலான குழந்தைகளிடம் ஒரே வரிசையில் வந்தன. தவழ்தல் மட்டும் அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. சிலருக்கு நிற்பதற்கு முன், சிலருக்குப் பின். 4.3 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே பிட்டத்தால் நகர்ந்து போகும் குழந்தைகளும் உண்டு. பல நேரங்களில் அந்தக் குடும்பத்தில் அப்பாவோ அத்தையோ அப்படித்தான் நகர்ந்திருப்பார்கள். இப்படி நகரும் குழந்தைகள் நடக்கச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். 2022இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே அதிலிருந்து எடுத்துவிட்டது. இயன்முறை மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். என் பார்வையில் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கும் அளவுகோலாகத் தவழ்தல் உதவாது என்பது சரி. அதனால் தவழ்வதில் ஒன்றுமில்லை என்றாகிவிடாது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

இந்த எட்டு மாத இடைவெளியில் பெரும் பங்கு தரைக்கு உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1993இல் வெளியான ஓர் ஆய்வும், பின்னாளில் இஸ்ரேலின் ஹைஃபாவில் நடந்த ஆய்வும் ஒரே விஷயத்தைக் கண்டன: குளிர்காலத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைகள், கோடையை ஒட்டிப் பிறந்தவர்களைவிட முன்னதாகத் தவழ்கிறார்கள். ஹைஃபாவில் வித்தியாசம் ஒரு மாதத்துக்கு மேல். கணக்குப் போட்டால் விளங்கிவிடும். குளிர்காலத்தில் பிறந்தவருக்குத் தவழும் வயது வரும்போது கோடை: மெல்லிய துணி, வெறும் கால், தரையில் இறக்கிவிடத் தயங்காத வீடு. கோடையில் பிறந்தவருக்கோ அந்த நேரத்தில் கம்பளி உடுப்பு, சில்லிட்ட தரை. நம் ஊரில் கம்பளி பிரச்சினை இல்லை. ஆனால் இடுப்பை விட்டு இறக்காத பாட்டிமார்கள் உண்டே!

பப்புவா நியூ கினியில் ஆவ் என்றொரு மக்கள். அவர்களோடு பணியாற்றிய மானிடவியலாளர் டேவிட் ட்ரேசர் அங்கே குழந்தைகள் தவழ்வதைப் பார்க்கவில்லை. நாளின் பெரும்பகுதி தூளியில் நிமிர்ந்தபடி அம்மாவின் உடம்போடு இருக்கும் அந்தக் குழந்தைகள், கீழே விட்டால் உட்கார்ந்து நகர்ந்து, பிறகு எழுந்து நடந்துவிடுகின்றன. ஈர மண்ணில் தவழும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் ஆபத்து அதிகம். அதனால் மனித வரலாற்றில் பெருங்காலம் குழந்தைகளைத் தரையில் விடாமலே வளர்த்திருக்கலாம் என்பது ட்ரேசரின் ஊகம். துடைத்த சிமெண்டுத் தரையும் டைல்ஸும் வந்த பிறகுதான் தவழ்தல் இவ்வளவு பொதுவானதாகியிருக்கலாம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஊகம்தான். ஆனாலும் ‘இயற்கையான படிநிலை’ என்று எதைச் சொல்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வைக்கிறது.

தஜிகிஸ்தானில் கஹ்வோரா எனப்படும் மரத்தொட்டிலில் குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்து, கை கால்களைத் துணியால் கட்டி, பல மணி நேரம் வைத்திருப்பது பழைய வழக்கம். அடால்ஃபும் லானா கராசிக்கும் அங்கே போய் ஆராய்ந்தபோது உட்காருவது, தவழ்வது, நடப்பது எல்லாமே சர்வதேச அளவைவிடத் தாமதமாகியிருந்தன. அதே ஊரில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தால் குறை எதுவும் இல்லை. எல்லாரும் மற்ற நாட்டுப் பிள்ளைகள் போலவே ஓடிக் குதித்தார்கள்.

உறங்கும் நிலையும் இப்படித்தான். குப்புறப் படுத்து உறங்கும் சிசுக்கள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவது அதிகம் என்று தெரிந்ததால், மல்லாத்தியோ ஒருக்களித்தோதான் உறங்கவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் அறிவுறுத்தியது. 1994இல் நாடு தழுவிய பிரசாரமே தொடங்கியது. அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. கூடவே ஒரு பக்கவிளைவு: மல்லாந்து உறங்கும் குழந்தைகள் புரள்வதிலும் தவழ்வதிலும் சற்றுப் பின்தங்கினார்கள். 1998இல் வந்த ஒரு பெரிய ஒப்பீடு, நடக்கத் தொடங்கும் வயதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று காட்டியது. எனவே மல்லாந்து உறக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, தினமும் சிறிது நேரம் குப்புறப் போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நாள் முழுக்கத் தூளியிலும் இடுப்பிலும் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சிறிது நேரம் மிக முக்கியம்.

வாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த அந்த வட்டக் கூண்டில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்று இன்றும் வாங்கிக் கொடுக்கிறோம். ஆய்வுகள் காட்டுவது நேர்மாறு: வாக்கரில் கிடந்த குழந்தைகள் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும் பின்தங்குகின்றன. படியில் உருண்டு மண்டை உடைவது தனி. கனடா 2004இல் வாக்கர் விற்பனைக்கே தடை விதித்துவிட்டது. எழுந்து நின்ற குழந்தை தானே தள்ளிக்கொண்டு போகும் மர நடைவண்டி வேறு ரகம். அதில் எடையைத் தாங்குவது குழந்தையின் கால்.

இனி முன்பு விட்ட இடத்துக்கு வரலாம். தவழ்வதால் உடம்பு மட்டுமா மாறுகிறது?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலெனர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு மேசை செய்தார்கள். மேற்பரப்பு முழுக்கக் கனமான கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் கட்டம் போட்ட துணி. மறு பாதியில் அதே கட்டத் துணி ஆழத்தில் தரையில் விரிந்திருக்கும். பார்ப்பதற்குச் செங்குத்துப் பள்ளம். தொட்டால் கெட்டிக் கண்ணாடி. நடுவில் ஒரு பலகையில் குழந்தையை வைத்து, அம்மா ஒருமுறை இந்தப் பக்கமிருந்தும் ஒருமுறை அந்தப் பக்கமிருந்தும் கூப்பிட வேண்டும். 1960இல் வெளியான முடிவின்படி, ஆறரை முதல் பதினான்கு மாதம் வரையிலான 36 குழந்தைகளில் 27 பேர் பலகையைவிட்டு நகர்ந்தார்கள். அத்தனை பேரும் ஒருமுறையாவது ஆழமில்லாத பக்கம் போனார்கள். பள்ளத்தின் மேல் துணிந்து போனது மூன்றே பேர். மற்றவர்கள் கண்ணாடியைக் கையால் தட்டிப் பார்த்தும் போகவில்லை. அம்மா அந்தப் பக்கம் நிற்கிறாள், இடையில் பள்ளம், அழுதார்கள்.

உயரத்துக்குப் பயப்படுவது பிறவிக் குணம் என்று பலர் இதைப் படித்துக்கொண்டார்கள். ஆனால் சோதிக்கப்பட்ட எல்லாருமே தவழத் தெரிந்தவர்கள். தவழத் தெரியாத குழந்தையை என்ன செய்வது? ஜோசப் கேம்போஸ் 1970இல் இரண்டு, மூன்று மாதச் சிசுக்களைக் கண்ணாடியின் ஆழப் பக்கத்தில் அப்படியே குப்புறப் படுக்கவைத்து இதயத்துடிப்பைப் பதிவு செய்தார். துடிப்பு குறைந்தது. பயந்தால் ஏறும், ஒன்றை ஆர்வமாகக் கவனிக்கும்போதுதான் குறையும். அதாவது பள்ளம் தெரிகிறது, பயம் இல்லை. தவழ்ந்து சில வாரம் பழகிய குழந்தைகளிடம்தான் துடிப்பு ஏறியது. ஒரே வயதுடைய இரண்டு குழந்தைகளில் தவழ்ந்த அனுபவம் உள்ளதற்கு மட்டுமே தயக்கம் வந்தது. வயது அதைக் கொண்டுவரவில்லை, தரை கொண்டுவந்தது.

பள்ளம் அத்தனை ஆழமில்லாமல், போகலாமா வேண்டாமா என்று சந்தேகப்படும்படி 30 செண்டிமீட்டராகக் குறைத்தால்? 1985இல் கேம்போஸும் சகாக்களும் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். விளிம்புக்கு வந்த குழந்தை நின்று, கீழே பார்த்து, பிறகு நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்து போனார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவரும் போகவில்லை. மடியில் கிடக்கும் குழந்தைக்குத் தூரத்திலிருந்து முகம் பார்த்து உத்தரவு வாங்க வேண்டிய தேவை இல்லை. நகரத் தொடங்கிய பிறகே அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு தூரம் உண்டாகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க முகமும் குரலும் வேண்டியிருக்கிறது. ‘வேண்டாம்’, ‘தொடாதே’, ‘அங்க போகாதே’ என்ற சொற்கள் வீட்டில் பெருகுவதும் இந்த மாதங்களில்தான். அதட்டலும் கோபமும் கூடுவதாகப் பெற்றோரே ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மறைத்து வைத்த பொருளைத் தேடும் திறமையும் கூடுகிறது. கெர்மோயனும் கேம்போஸும் 1988இல் எட்டரை மாதக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: தவழாதவை, தவழாவிட்டாலும் வாக்கரில் சுற்றியவை, முட்டி போட்டுத் தவழ்பவை. பின்னிரண்டும் முதல் குழுவை வென்றன. வயிற்றால் நீந்தும் குழந்தைகளைத் தனியாகச் சோதித்தபோதுதான் ஆச்சரியம்: அவை தவழாத குழந்தைகள் அளவுக்குத்தான் செய்தன. நீந்தும் குழந்தைக்கு நகர்வதே முழுநேர வேலை. தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்க்க மிச்சம் ஒன்றுமில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆக, தவழாமல் போன குழந்தைக்கு மூளை மழுங்கிவிடுமா? இல்லை. வேறு வழியில் நகர்ந்த குழந்தைக்கும் இதே பலன் உண்டு என்பதற்கு அந்த வாக்கர்க் குழுவே சாட்சி. 1960களில் பிலடெல்பியாவில் க்ளென் டோமனும் கார்ல் டெலகாட்டோவும், தவழும் கட்டத்தைச் சரியாகக் கடக்காததால்தான் வாசிப்புக் குறைபாடும் மூளை பாதிப்பும் தொடர்கின்றன என்று சொல்லி, வளர்ந்த பிள்ளைகளின் கை கால்களை ஆட்கள் பிடித்துத் தவழும் வரிசையில் தினமும் பல முறை அசைக்கும் சிகிச்சையைப் பரப்பினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் திரும்பத் திரும்ப அறிக்கை விட்டு, இதற்கு ஆதாரமில்லை என்றது. என்றாலும் ‘தவழாத பிள்ளைக்குப் படிப்பு வராது’ என்ற பேச்சு இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

தவழ்தலில் குழந்தை எதைக் கற்கிறது என்பதை மிகத் துல்லியமாகக் காட்டியது அடால்ஃபின் சரிவுப் பாதைதான். இரண்டு மேடை, நடுவில் சாய்மானத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகை. கீழே அம்மா தின்பண்டத்தோடு கூப்பிடுகிறார், பக்கத்தில் ஆய்வாளர் பிடிக்கத் தயாராக நடக்கிறார். தவழத் தொடங்கி ஒரு வாரமான குழந்தை, எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் தலை குப்புறப் பாய்கிறது. ஆய்வாளர் அந்தரத்தில் பிடிக்கிறார். அடுத்த முறையும் பாய்கிறது. வாரங்கள் போகப் போக விளிம்பில் நிற்கிறது, கையால் தடவுகிறது, ஒரு கையைச் சரிவில் வைத்து எடை போட்டுப் பார்க்கிறது. பல வாரம் கழித்து, தன்னால் இறங்கக்கூடிய சரிவில் இறங்கி, முடியாத சரிவில் உட்கார்ந்தோ, திரும்பி வயிற்றால் சறுக்கியோ, போகாமலோ விடுகிறது. சரிவில் பழகியதால் வந்த புத்தி இல்லை இது. எப்போதோ ஒருமுறை மட்டும் வரவழைத்த குழந்தைகளும் அதே வயதில் அதே போல்தான் செய்தன. வீட்டுத் தரையில் தவழ்ந்தே இதைக் கற்றிருக்கின்றன.

பிறகு அதே குழந்தை எழுந்து நடக்கத் தொடங்குகிறது. அதே சரிவின் விளிம்பில் நிறுத்துகிறார்கள். மாதக்கணக்கில் சேர்த்த புத்தி காணாமல் போய், நேராக நடந்து விழுகிறது! பிடித்து, முட்டி போட வைத்து, அதே விளிம்பில் விட்டால் நிதானமாகத் தடவிப் பார்த்து மறுக்கிறது. எழுப்பி நிறுத்தினால் மறுபடி விழுகிறது.

இதை முதலில் படித்தபோது உயர பயம் என்ற விளக்கம் எனக்குள் ஆட்டம் கண்டது. உயரம் ஆபத்து என்று குழந்தை தெரிந்துகொண்டிருந்தால் நின்றாலும் தவழ்ந்தாலும் தெரிந்திருக்க வேண்டுமே. அடால்ஃப் சொல்வது, குழந்தை கற்றது உலகத்தைப் பற்றிய உண்மையை இல்லை. இந்த உடம்பு, இந்த நிலையில், இந்தத் தரையில் என்ன செய்ய முடியும் என்பதை. நிலை மாறினால் எடை விழும் இடம், கண்ணின் உயரம், ஆடும் அளவு எல்லாம் மாறிவிடும். பழைய கணக்கு செல்லாது. உட்காரத் தேர்ந்த, தவழப் புதிதான குழந்தைகளை இடைவெளியின் விளிம்பில் வைத்தபோதும் இதுவே நடந்தது: உட்கார்ந்திருக்கையில் எட்டாத பொம்மைக்குக் கை நீட்டாமல் இருந்தவை, முட்டி போட்டவுடன் அதே இடைவெளிக்குள் விழுந்தன. கேம்போஸ் தரப்பு இன்னும் பயத்தைப் பற்றியே பேசுகிறது. இரு தரப்பிலும் சான்று உண்டு. சரிவில் இரண்டாம் முறை விழும் குழந்தையைப் பார்த்தால் அடால்ஃபின் பக்கம் சாய்வதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நடைமுறையில் இதற்கு அர்த்தம், தவழும் குழந்தையைக் கட்டில் விளிம்பில் நம்பி விட முடியாது என்பதே. விழுந்து புத்தி வரும் என்று காத்திருப்பதும் வீண். பிளக் பாயிண்டை மூடுவது, தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைப்பது, காசும் பட்டன் பேட்டரியும் தரையில் கிடக்காமல் பார்ப்பது எல்லாம் ஆறாம் மாதத்திலேயே தொடங்க வேண்டிய வேலை. குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால் வயதைப் பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், கால்கள் விறைத்துப் பின்னிக்கொண்டால், பத்து மாதமாகியும் உட்கார முடியாவிட்டால், ஒரு வயதாகியும் எந்த விதத்திலும் இடம்விட்டு நகராவிட்டால், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால், மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எந்தப் பாணியில் தவழ்கிறது என்பதைவிட இரு பக்கமும் வேலை செய்கிறதா என்பதைப் பாருங்கள்.

ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. பத்து, பதினோரு மாதத்தில் குழந்தை தவழ்வதில் கைதேர்ந்துவிட்டது. வீட்டை நொடியில் அளக்கிறது. அப்படியிருக்க, தள்ளாடி விழுந்து அடிபடும் நடைக்கு ஏன் மாற வேண்டும்? கைகள் விடுபடும் என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. வெண்ணெய் உருண்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையும் முட்டியும் ஊன்றித் தவழும் பாலகிருஷ்ணன் வெண்கலச் சிலையை வடித்த சிற்பி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். தவழும் குழந்தைகள் பொருளைத் தூக்கிக்கொண்டு போவதைக் கராசிக்கும் அடால்ஃபும் பதிவு செய்திருக்கிறார்கள். நடப்பவர்களைவிடக் குறைவு, அவ்வளவே. தலையில் சிறு கேமரா பொருத்திக் குழந்தையின் பார்வையைப் பதிவு செய்த 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு காரணம் தந்தது. தவழும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் தரை. எதிரே நிற்கும் அம்மாவின் முகம் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை ஒடித்து நிமிர வேண்டும், அல்லது நின்று உட்கார வேண்டும். எழுந்து நடந்தால் அறை முழுவதும் நேராகத் தெரிகிறது.

அப்படியானால் விழுவது? பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதம் வரையிலான நடக்கும் குழந்தைகள் விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து 17 தடவை விழுகின்றன என்று 2012இல் அடால்ஃபின் குழு எண்ணிச் சொன்னது. தேர்ந்த தவழ்வோரையும் புதிதாக நடப்போரையும் அருகருகே வைத்தும் எண்ணினார்கள். மணிக்கு மணி நடப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். ஆனால் அவர்கள் அதிக நேரம் நகர்கிறார்கள், அதிக தூரம் போகிறார்கள். நகர்ந்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. தவழ்பவர்களும் விழத்தான் செய்கிறார்கள்: கை மடங்கி முகம் தரையில் மோதும், பக்கவாட்டில் சாயும். தரைக்கு அவ்வளவு அருகில் இருப்பதால் நாம் அதை விழுந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை.